பஸ் ஏறுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு

தலவாக்கலைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் பதினாறு ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். அவற்றுள் பதினோரு ஆண்டுகள் குடித்துக்கொண்டே கற்பித்தேன். மலையகத்தில் குடி என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் சம்பள நாளில் லயத்து வாசலில் விழுந்து கிடக்கும் தொழிலாளிதான். பத்திரிகைகளும் கருத்தரங்குகளும் அவரைப் பற்றியே பேசுகின்றன. கதவைச் சாத்திக்கொண்டு, விடைத்தாள்களைத் திருத்தியபடியே கால் போத்தலை முடித்துவிட்டு, மறுநாள் காலையில் கராம்பு மென்றுகொண்டு வகுப்புக்குப் போகும் ஆசிரியரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அப்படி ஒருவன்தான் நான். நிறுத்த வேண்டும் என்று மனம் வந்த பிறகும் யாரிடம் போவது, எப்படிப் போவது என்று சொல்ல எனக்கு ஆள் இருக்கவில்லை. அதனால் வீணான மாதங்களையும் பணத்தையும் நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இதே தேடலில் இருக்கும் இன்னொருவருக்காவது பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். என் பெயரை எழுதாததற்கான காரணம் போகப்போகத் தெரியும்.

2023 ஆம் ஆண்டில் சாராயம் கால் போத்தல் ஆயிரம் ரூபாயை நெருங்கியிருந்தது. வேலை நாட்களில் ஒன்று, சனி ஞாயிறுகளில் இரண்டிரண்டு என்று கிழமைக்கு ஒன்பது கால் போத்தல்கள் எனக்குத் தேவைப்பட்டன. பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்கும் நான் இந்தப் பெருக்கலை மட்டும் ஒருநாளும் செய்து பார்க்கவில்லை. பின்னர் செய்தபோது மாதம் ஏறத்தாழ 35,000 ரூபாய் வந்தது. அது என் சம்பளத்தில் பாதிக்கும் மேல். வீட்டுக் கூரையை மாற்றவென்று, அரச ஊழியருக்குக் கிடைக்கும் இடர் கடனாக எடுத்த 250,000 ரூபாயில் கூரைக்குப் போனது 90,000 மட்டுமே. மனைவியின் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. கரும்பலகையில் வட்டம் வரையும்போது கை நடுங்கினால் குளிர் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், எங்கள் ஊர்க் குளிருக்கு அந்தப் பொய் நன்றாகவே பொருந்தியது. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினங்களில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் முதல் நாளே வாங்கி வைப்பேன். வைத்தது அன்றிரவே தீர்ந்துவிடும். போயா காலையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதும் கை நடுங்கும். காரணம் குளிர் அல்ல என்பதை அப்போதே உள்ளூர அறிந்திருந்தேன்.

நிறுத்துவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி நேர்த்திதான். முன்பு மூன்று வருடங்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாட்கள் ஒரு சொட்டும் தொடாமல் இருந்திருக்கிறேன். மாலையைக் கழற்றிய அன்று மாலையே தொடங்கியும் இருக்கிறேன். அந்த வருடங்களில் உடல் தாங்கியது. அதே துணிச்சலில் 2023 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தினேன். முதல் நாள் வியர்வையும் வாந்தியும். இரண்டாம் நாள் விடியற்காலையில் அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்தேன். நாக்கு கடிபட்டு வாயில் இரத்தம் வழிந்ததைக் கண்டு என் இளைய மகள் அலறிய சத்தம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணனின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாட்கள் அங்கே இருந்தேன். நாள்தோறும் அதிகமாகக் குடித்த உடல் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும் என்றும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம் என்றும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரையில் மனம் பேதலித்து இல்லாதவற்றைக் காணும் நிலை உண்டாகலாம் என்றும், அது உயிரைக்கூடப் பறிக்கும் என்றும் வைத்தியர் விளக்கினார். எனவே தினமும் குடிப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் போவதற்கு முன்னர் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும். அங்கே தயமின் என்ற விட்டமின் ஊசியும், படிப்படியாகக் குறைக்கப்படும் மாத்திரைகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. மனநலக் கிளினிக் என்ற பலகையைக் கண்டு தயங்கியவன் நான். அந்தப் பலகையைத் தாண்டியபோது எனக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகில்தான் என் மனைவி இன்னொரு உண்மையைச் சொன்னார். பஸாரில் ஒருவரிடம் 12,000 ரூபாய் கொடுத்து, எனக்குத் தெரியாமல் தேநீரில் கலப்பதற்கு ஒரு தூள் வாங்கி வைத்திருந்தாராம். கலக்க மனம் வராமல் மாடத்தில் ஒளித்து வைத்திருந்தார். வைத்தியர் அதைக் கேட்டுக் கடுமையாகவே பேசினார். இப்படி விற்கப்படும் தூள்களில் டைசல்பிரம் இருக்கலாம்; அதை உட்கொண்டவர் அறியாமல் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து இறந்துபோகவும் கூடும். குடிப்பவரின் சம்மதத்தோடும் வைத்தியரின் கண்காணிப்போடும் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. 12,000 ரூபாயும் குப்பைக்குப் போனது. மனைவி மீது எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கோபம் இரண்டு நாட்களுக்கு மேல் நிற்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர், மருந்து உடலைத்தான் தேற்றும், குடியை விட்ட மற்றவர்களோடு சேர்ந்திருங்கள், ஏ.ஏ. கூட்டம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள் என்றார். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டேன். கண்டியில் இருக்கக்கூடும் என்றார். கைத்தொலைபேசியில் தேடி, யாரோ எப்போதோ பதிவிட்டிருந்த ஒரு முகவரியைக் கண்டுபிடித்தேன். அதில் கிழமையும் நேரமும் இருந்தன, தொலைபேசி எண் இல்லை. அது ஒரு குறையாக அன்று எனக்குத் தோன்றவில்லை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்று நிம்மதியாகவே இருந்தது. ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், கல்வித் திணைக்கள வேலை என்று வீட்டுக்கு வெளியே எல்லோரிடமும் பொய் சொல்லிவிட்டு, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை என்று நான்கு மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து கண்டியை அடைந்தேன். அந்த மண்டபத்தின் காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்படியானவர்கள் இங்கே வருவதை விட்டு இரண்டு வருடங்கள் இருக்கும் என்று சிங்களத்தில் சொன்னார். 'அப்படியானவர்கள்' என்ற சொல் வழி முழுவதும் காதில் ஒலித்தது. திரும்பும்போது நாவலப்பிட்டியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

அன்று பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஓட்டோவுக்கும் 2,400 ரூபாய் செலவானது. அதைவிடப் பெரிய இழப்பு, அதற்குப் பின் நான்கு மாதங்கள் மறுபடி குடித்ததுதான். நான் முயன்றேன், உதவி கிடைக்கவில்லை என்று எனக்கு நானே ஒரு சான்றிதழ் எழுதிக்கொண்டேன். குடிப்பவனுக்கு இத்தகைய சான்றிதழைவிட இனிப்பான பொருள் வேறில்லை. ஆகவே நான் சொல்ல வேண்டியவற்றுள் முதன்மையானது இதுதான்: ஒரு மனிதக் குரலோடு பேசாமல் எந்தக் கூட்டத்துக்கும் பஸ் ஏறாதீர்கள். இத்தகைய குழுக்களுக்குச் சொந்தக் கட்டடம் பெரும்பாலும் இருப்பதில்லை. தேவாலய மண்டபங்களிலும் இரவல் அறைகளிலும் கூடுவதால் இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். அழைக்கும்போது, இந்தக் கிழமை நிச்சயம் கூட்டம் நடக்கிறதா, எந்த மொழியில் நடக்கிறது, எத்தனை மணிக்கு முடியும், எந்த வாசலால் வர வேண்டும், வாசலில் எனக்காக ஒருவர் நிற்பாரா என்று கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். முடியும் நேரம் மலையகத்தாருக்கு மிகவும் முக்கியம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டம் நகரவாசிகளுக்கு வசதியானது. நமக்கோ அதன் பிறகு வீடு திரும்ப பஸ் கிடைப்பது அரிது. நான் முதற்பயணத்தில் அதையும் யோசித்திருக்கவில்லை.

2024 பெப்ரவரியில், கிளினிக்கில் இருந்த சமூக சேவை உத்தியோகத்தர் ஒருவர் சரியான எண்ணைத் தேடித் தந்தார். ஏ.ஏ. அமைப்பின் சர்வதேச இணையத்தளத்தில் நாடு வாரியாகத் தொடர்பு விவரங்கள் இருக்கின்றன என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன். மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927 ஆகிய எண்கள் இருப்பதும், சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் கொழும்பில் இலவசமாக ஆலோசனை வழங்குவதும் அப்போதுதான் தெரியவந்தன. பத்து நாட்கள் அந்த எண்ணைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பதினோராம் நாள் அழைத்தபோது எடுத்தவர் ஒரு முதிய சிங்களவர். நான் விளக்கமாகப் பேச ஆயத்தம் செய்து வைத்திருந்த வாக்கியங்களுக்கு இடமே கொடுக்காமல், இன்று குடித்தீர்களா என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், வாசலில் குடையோடு நிற்பேன் என்றார். நின்றார்.

புறப்படும் முன்னர் என் அம்மா ஒரு தடை போட்டார். தேவாலய மண்டபம் என்றதும், குடியை விடச் சொல்லிக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவார்கள் என்று அழுதார். மாரியம்மன் தேர் இழுத்த குடும்பம் எங்களுடையது. எனக்கும் அந்த அச்சம் ஓரளவு இருந்தது. போய்ப் பார்த்தபோது மண்டபம் வாடகைக்கு எடுக்கப்பட்டது என்பதற்கு மேல் அதற்கும் கூட்டத்துக்கும் தொடர்பு இல்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே வருகிறது. அந்த அறையில் பௌத்தர்களும் கத்தோலிக்கர்களும் ஒரு முஸ்லிம் அன்பரும் இருந்தார்கள். பதிவுப் புத்தகம் இல்லை, அடையாள அட்டை கேட்கவில்லை, கட்டணம் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. முடிவில் ஒரு பை சுற்றி வந்தது. அது தேநீருக்கும் வாடகைக்கும் உறுப்பினர்கள் போடும் காசு, புதியவர் போட வேண்டியதில்லை என்றார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடவில்லை, புத்தி சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். பதினோரு வருடங்களாக என்னிடம் பேசிய எல்லோரும் புத்திதான் சொல்லியிருந்தார்கள்.

கூட்டம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து நடந்தது. கடையில் சாமான் வாங்கவும், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் எனக்குச் சிங்களம் போதும். மகளின் உண்டியலை உடைத்துக் குடித்ததைச் சொல்ல அது போதவில்லை. என் முறை வந்தபோது இரண்டு வாக்கியங்களோடு திணறி நின்றேன். குடையோடு நின்ற பெரியவர், தமிழிலேயே பேசுங்கள் என்றார். பேசினேன். ஏறக்குறைய ஏழு நிமிடங்கள், தங்களில் பெரும்பாலோருக்குப் புரியாத மொழியில் ஒருவன் பேசியதை ஒன்பது பேர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று என் நெஞ்சு இலேசானது உண்மை. ஆனாலும் இதையே எல்லாக் கூட்டத்துக்கும் போதுமான ஏற்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் சொன்னவற்றில் பாதி எனக்கும் புரியவில்லை, மற்றவரின் கதையில் தன் கதையைக் கேட்பதில்தானே இதன் பலன் இருக்கிறது. அதனால் கூட்டம் முடிந்ததும் தமிழ் பேசும் உறுப்பினர் யாராவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். வத்தளைப் பக்கம் இருந்த ஒருவரின் எண் கிடைத்தது.

அடுத்த முறை மனைவியையும் அழைத்துச் சென்று ஒரு தவறு செய்தேன். கூட்டங்களில் திறந்தவை, மூடியவை என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்தில் குடும்பத்தாரும் மற்றவர்களும் அமரலாம், மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். அன்று நடந்தது மூடிய கூட்டம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது, கேட்கவில்லை. நான்கு மணி நேரம் வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தவர், மழைச் சாரலில் வெளி விறாந்தை வாங்கில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது என்ன சொல்வாரோ என்று பயந்தேன். "நீங்க உள்ள சிரிச்ச சத்தம் கேட்டுச்சுங்க" என்றார். வீட்டில் நான் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று 1951 இல் தொடங்கப்பட்ட அல்-அனோன் என்ற தனி அமைப்பு இருப்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம். அவருக்கும் பேச இடம் வேண்டும் என்பது எனக்கு அந்த வாங்கைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

வத்தளை அண்ணன் என்னைத் தினமும் இரவு எட்டு மணிக்கு அழைக்கச் சொன்னார். பேச விடயம் இல்லை என்று நான் தயங்கிய ஒரு நாளில்தான் ஏ.ஏ. பிறந்த கதையைச் சொன்னார். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயோர்க் பங்குத் தரகர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் ஒரு வியாபார முயற்சி தோற்றுப்போய் ஹோட்டல் முகப்பில் தனியே நின்றாராம். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன, அருகிலேயே மதுச்சாலை. உள்ளே போகாமல், தேவாலயங்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரைத் தேடித் தொலைபேசியைச் சுழற்றினார். அந்த அழைப்பின் வழியாக பொப் சிமித் என்ற சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். 15 நிமிடம்தான் இருப்பேன் என்று வந்த வைத்தியர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் குடியை விட்ட 1935 ஜூன் 10 தான் ஏ.ஏ. இன் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது. நான் நாவலப்பிட்டியில் நின்ற பத்து நிமிடத்தையும் பில் வில்சன் அந்த ஹோட்டல் முகப்பில் நின்ற நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவரிடம் அழைப்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது, என் கையில் ஓர் எண் கூட இருக்கவில்லை.

மாதம் இருமுறைக்கு மேல் கண்டிக்குப் போவது என் வருமானத்துக்கு இயலாத காரியம். ஆகவே தமிழகத்து அன்பர்கள் சூம் வழியாக நடத்தும் தமிழ்க் கூட்டங்களில் சேர அண்ணன் வழிகாட்டினார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் குழப்பம் இல்லை. வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காததால், தேயிலைக் கொழுந்து நிறுக்கும், ஆளில்லாத மடுவத்தில் போய் உட்கார்ந்து இணைந்தேன். முதல் நாளே மானம் போகப் பார்த்தது. கொரோனா காலத்தில் வகுப்பெடுத்த அதே கணக்கில் நுழைந்ததால், திரையில் என் முழுப் பெயரோடு பாடசாலைப் பெயரும் 'தரம் 9 கணிதம்' என்பதும் பளிச்சென்று தெரிந்தன. கூட்டத்தை நடத்தியவர் சட்டென்று என் பெயரின் முதலெழுத்தாக அதை மாற்றிவிட்டார். நீங்கள் இணைவதற்கு முன் பெயரை மாற்றிவிடுங்கள். கமராவை அணைத்து வைக்கலாம், பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். முதல் கூட்டம் மனதுக்கு ஒட்டாவிட்டால் வேறு குழு ஒன்றைப் பாருங்கள். எனக்கு மூன்றாவது குழுதான் பொருந்தியது. அதில் ஒரு குரல் திருநெல்வேலிப் பேச்சில் தன் கதையைச் சொன்னபோது, என் அடுப்படியைப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல் இருந்தது.

ஏழு மாதங்கள் ஒழுங்காக இருந்துவிட்டு, மாமாவின் கருமாதி வீட்டில் மறுபடி குடித்தேன். கூட்டங்களுக்குப் போவதை அதற்கு மூன்று கிழமைகளுக்கு முன்னரே நிறுத்தியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பரீட்சை வேலை என்று அண்ணனுக்குக்கூட அழைக்கவில்லை. அன்றிரவு பத்தரை மணிக்கு வெட்கத்தோடு அழைத்தேன். ஏன் குடித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டார். காலையில் கை நடுங்கினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். இதை எழுதும்போது அந்த இரவிலிருந்து 14 மாதங்கள் ஆகியிருக்கின்றன. சங்கிலி மீட்கப்பட்டுவிட்டது. இடர் கடன் இன்னும் கழிபட்டுக்கொண்டிருக்கிறது.

குடியிலிருந்து மீள இரண்டு பேர் சேர்ந்தாலே அது ஒரு கூட்டம் என்பது ஏ.ஏ. மரபு. அதை நம்பி, சூம் கூட்டத்தில் குரலைக் கேட்டு அறிமுகமான பொகவந்தலாவை நண்பர் ஒருவரோடு ஹட்டனில் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடத் தொடங்கினேன்; எல்லோரும் வெளிச்சத்தோடு வீடு திரும்பக்கூடிய நேரம் அது. அறையைக் கொடுத்தவர் காசு வேண்டாம் என்றார். சொந்தச் செலவில் நிற்க வேண்டும் என்ற மரபைச் சொல்லி, மாதம் 500 ரூபாயை வற்புறுத்திக் கையில் வைத்தோம். இரவல் இடத்தில் இலவசமாக இருப்பவரை எவரும் எப்போதும் எழுப்பிவிடலாம். அந்தக் காவலாளியின் பார்வையை நான் மறக்கவில்லை. ஒன்பது கிழமைகள் நாங்கள் இருவர் மட்டுமே இரண்டு பிளேன்டீயோடு மாறிமாறிப் பேசினோம். சில நாட்களில் அது சலிப்பாகவும் இருந்தது.

பத்தாவது கிழமை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவர் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பனார். "சேர், நீங்களா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். பதினோரு வருடங்களாக எதற்குப் பயந்து கதவைச் சாத்தினேனோ அது என் முன்னால் நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போல் என் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்றேன். அவரும் உட்கார்ந்தார். இங்கே பார்த்தவரையும் கேட்டதையும் இங்கேயே விட்டுச் செல்ல வேண்டும் என்ற விதியை நண்பர் அவருக்கு விளக்கினார். அவரது சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளைக் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். தவணை முடிவில் தேர்ச்சி அறிக்கையைப் பெற அவர் பாடசாலைக்கு வந்தார். மகனுக்குக் கணிதத்தில் 38 புள்ளிகள். கையொப்பம் வைத்துவிட்டு, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சேர் என்று மற்றப் பெற்றோர் சொல்வதைப் போலவே சொல்லிவிட்டுப் போனார்.